பிள்ளை இல்லாதவர்களுக்கு மட்டும்

அந்த வெளிநாட்டு நகரத்தில் எந்தக் காண்டோமினியத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அதைச் சரிசெய்ய லிஃப்ட்காரருக்குத்தான் போன் வரும். சாதாரண அடுக்குமாடியின் முன்னால் ஒரு நீச்சல் குளத்தை வெட்டி, வாசலில் ஒரு செக்யூரிட்டியை உட்கார வைத்துவிட்டால் அதற்குக் காண்டோமினியம் என்று பெயர். வாடகையும் அந்தப் பெயருக்குத் தகுந்தாற்போல ஏறிவிடும். எந்தக் கட்டடத்து மோட்டார் அறையில் எலி குடியிருக்கிறது என்பது வரை லிஃப்ட்காரருக்கு அத்துப்படி. எலிக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி கொடுத்த பொது அறையில் மேலும் கீழுமாகப் போட்ட கட்டில்களில் கீழ்க்கட்டில் அவருடையது. கல்யாணம் ஆன காலத்தில் முக்கால்வாசியை அந்தக் கட்டிலிலேயே கழித்துவிட்டார்.

அவருடைய மனைவி ஊரில் மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். ஒரே மகள், ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். அவள் அப்பாவைப் போனில்தான் பார்த்து வளர்ந்தாள். ஒருவழியாக விசிட் விசா வாங்கி இருவரும் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தவரைப் பார்த்துவிட்டு, "இவரு போன்ல வர்ற அப்பா மாதிரியே இருக்காரும்மா" என்று டீச்சரின் காதில் சொன்னாள். லிஃப்ட்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேரில் இருக்கிற மனிதரை அப்பா என்று கூப்பிட அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

சட்டம் இதுதான். விசிட் விசா முடிவதற்குள் லிஃப்ட்காரர் தன் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தத்தைக் கம்பெனி ஆபீசில் காட்ட வேண்டும். காட்டினால் குடும்ப விசா கிடைக்கும், மூவரும் ஒன்றாக இருக்கலாம். இல்லையென்றால் தாயும் மகளும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மறுபடி எப்போது வரமுடியும் என்பது கம்பெனிக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம், அவர்கள் இரண்டு பேரும் எதற்கும் வாய் திறந்து பதில் சொல்கிறவர்கள் இல்லை.

அதுவரைக்கும் லிஃப்ட்காரரின் சிநேகிதரான ஒரு வெல்டர் தன் வீட்டு ஹாலில் ஒரு போர்வையைக் குறுக்கே கட்டி இடம் கொடுத்திருந்தார். போர்வைக்கு அந்தப்பக்கம் டிவி, இந்தப்பக்கம் குடித்தனம். வெல்டரின் மனைவி நல்லவள்தான். ஆனாலும் டீச்சர் காபி போட அடுப்படிக்குள் நுழையும் போதெல்லாம், "எதாச்சும் அமைஞ்சுதா?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள்.

ஒன்றும் அமையவில்லை. புரோக்கர் ஒருவரைப் பிடித்து நாயாய்ப் பேயாய் அலைந்தார்கள். ஒரு இடத்தில் கம்பெனியின் பெயருக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். ஒரு இடத்தில் வீட்டைத் திறந்து காட்டி, பால்கனி வரைக்கும் கூட்டிப்போய், எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வீடு முந்தாநாளே போய்விட்டது என்றார்கள். முந்தாநாள் போன வீட்டை இன்றைக்கு எதற்காகத் திறந்து காட்டினாய் என்று கேட்க டீச்சருக்கு வாய் துறுதுறுத்தது. இன்னொரு இடத்தில் அடுப்பையே பெயர்த்து எடுத்துவிட்டு, சமைக்காமல் இருப்பதாக இருந்தால் வரலாம் என்றார்கள். வீடு பார்க்கப் போகும்போது டீச்சர் தன்னிடமிருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போவாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் கூட அவள் அவ்வளவு அடக்கமாக நின்றதில்லை.

இப்படியே ஒரு மாதம் அலைந்த பிறகு புரோக்கர் ஒரு வீடு கொண்டுவந்தார். ஓனர் ஒரு தமிழம்மா, அந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்தவர். "நம்ம ஆளுங்க" என்று சொல்லி புரோக்கர் கண்ணடித்தபோது டீச்சருக்குப் பாதி வீடு கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மீதிப் பாதியில்தான் வில்லங்கம். ஓனரம்மாவின் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். பகலில்தான் அவருக்குத் தூக்கம் வரும். வாடகைக்கு விடுகிற வீடு அவர்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. அங்கே முன்பு குடியிருந்தவர்களின் பிள்ளைகள் பந்தைச் சுவரில் அடித்து அடித்து அந்த மனிதரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டிருந்தார்கள். அதனால் பிள்ளை இல்லாதவர்களுக்கு மட்டும்தான் வீடு. "இல்லன்னு சொல்லிடுங்க, குடி போன அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்" என்று புரோக்கர் லேசாகச் சொன்னார். அவருக்கு என்ன, அவர் மூன்று பிள்ளைக்காரர்.

வாண்டுவை வெல்டரின் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சிறிய வீடு, ஆனால் காற்றும் வெளிச்சமும் இருந்தது. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை போட்டால் வாண்டு உட்கார்ந்து படம் வரையலாம் என்று டீச்சர் மனசுக்குள் மேஜையைப் போட்டே விட்டாள். ஓனரம்மா குரலில் அதட்டல் இல்லை. ஊர், வேலை எல்லாம் விசாரித்து முடித்து, கடைசியில் கேட்டார்.

"குழந்தைங்க?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்து மூடிவிட்டு, தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன், இவரை நம்பினால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

"இல்லீங்கம்மா" என்றாள் அவள்.

சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெற்ற வயிற்றை வைத்துக்கொண்டு சொல்லுகிற பேச்சா இது? ஓனரம்மாவுக்கோ முகமே மாறிவிட்டது. எழுந்துவந்து டீச்சரின் தோளில் கைவைத்தார். தனக்கும் அந்தப் பாக்கியம் இல்லை என்றார். தெரிந்த டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், கைராசிக்காரர், தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அன்றைக்கே ஒப்பந்தத்துக்கும் சம்மதித்தார். புருஷன், பெண்டாட்டி என்று இரண்டு பெயர் எழுதிக் கையெழுத்தானது. லிஃப்டில் இறங்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தா பூட்ட முடியும்? குடி போன மறுநாளே லிஃப்ட்காரர் ஓனரம்மாவிடம் போய், தன் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். விருந்தாளிப் பிள்ளை என்றால் நாலு நாள் பொறுத்துக்கொள்வதற்கு ஓனரம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை. அண்ணன் மகள் என்று ஆனபிறகு அப்பா சித்தப்பாவாகவும் அம்மா சித்தியாகவும் ஆகித்தானே தீரவேண்டும்.

அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு டீச்சருடையது. அழுதுகொண்டே வருகிற பிள்ளைகளை ஒரே வாரத்தில் வரிசையில் நிற்க வைத்துப் பாடவைத்தவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. விளையாட்டாகவே ஆரம்பித்தாள். கதவுக்கு வெளியே போனாலும், கதவுக்கு உள்ளே வேறு யார் வந்தாலும், சித்தி, சித்தப்பா. யார் கேட்டாலும் மாற்றிச் சொல்லக் கூடாது. பள்ளியில் பாடம் மனசில் நின்றிருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுமென்றே தப்பாகக் கேட்டு மடக்கிப் பார்ப்பாள். இப்போதும் அதையே செய்தாள். "நான் உன் அம்மாதானே, சும்மா சொல்லு" என்பாள். வாண்டு தலையை ஆட்டி, "சித்தி" என்பாள். கெஞ்சிக் கேட்பாள். மிட்டாய் தருகிறேன் என்பாள். ஒருநாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல் நடித்தாள். வாண்டு கொஞ்சம் மிரண்டாலும் சமாளித்துக்கொண்டு, "அழுதாலும் சித்திதான்" என்றாள். டீச்சர் அவளை வாரி அணைத்து, கெட்டிக்காரி என்று கொஞ்சினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். இப்போதுதான் அப்பா என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள், அதற்குள் அதையும் பிடுங்கிக்கொண்டோமே என்று அவருக்கு ஆறவில்லை. விசா வரட்டும், வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம், எல்லாம் கொஞ்ச நாள்தான் என்று டீச்சர் சமாதானம் சொன்னாள். அதைத் தனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டாள்.

எதிர்வீட்டில் வாண்டுவுக்கு நல்ல பெயர். அடிமேல் அடிவைத்து நடக்கிற பிள்ளை என்று ஓனரம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கதவைத் திறந்து கூப்பிட்டுப் பிஸ்கட் கொடுப்பார். "சித்தப்பா ஜாடை அப்படியே இருக்கு பாரு, ரத்தம் எங்க போகும்" என்பார். வாண்டு ஓடிவந்து, தான் அங்கே எத்தனை தடவை சித்தி என்று சொன்னாள் என அம்மாவிடம் கணக்கு ஒப்பிப்பாள்.

விசா வேலைக்காக ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு லிஃப்ட்காரர் கம்பெனி ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த கிளார்க் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனைவிக்கு விசா போட்டுவிடலாம், மகளுக்குப் போட முடியாது என்றார். வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்களோ அத்தனை பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டுமாம். இரண்டு பெயர்தானே இருக்கிறது, மூன்றாவது ஆளை வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் இதைச் சொன்னார். யாரைக் கூடவே வைத்துக்கொள்வதற்காகப் பிள்ளை இல்லை என்று டீச்சர் சொன்னாளோ, அவளுக்கு மட்டும்தான் இடமில்லை. விசிட் விசா முடியப்போகிறது, வேறு வீடு தேட நாள் இல்லை. புரோக்கர் போனை எடுக்கவில்லை. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். அந்த அம்மாவும் மனுஷிதானே, பிள்ளையின் அருமை தெரிந்தவர்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் மூவருமாக எதிர்வீட்டுக்குப் போனார்கள். உள்ளே கட்டிலில் பெரியவர் விழித்திருந்தார். ஓனரம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டீச்சர் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொல்லிவிட்டோம், வாண்டு எங்கள் பெண்தான், பெயரைச் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அப்புறம் சீக்கிரமே காலி செய்துவிடுகிறோம் என்றாள். லிஃப்ட்காரர் கொண்டுவந்திருந்த பிறப்புச் சான்றிதழை நீட்டினார்.

ஓனரம்மா அதை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாண்டுவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இவங்க உனக்கு யாரும்மா?"

"சித்தி."

"வாண்டு" என்றாள் டீச்சர். "இப்ப சொல்லலாம்டா. அம்மான்னு சொல்லு."

வாண்டு அவளைப் பார்த்து, அந்தத் தந்திரமெல்லாம் தன்னிடம் பலிக்காது என்பது போலத் தலையை ஆட்டினாள். "சித்தி."

"விளையாட்டு முடிஞ்சிடுச்சு செல்லம். நிஜமாத்தான் கேக்கறேன். அம்மான்னு ஒரே ஒரு தடவை சொல்லு." டீச்சருக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. லிஃப்ட்காரர் மண்டியிட்டு மகளின் கையைப் பிடித்து, அப்பா சொல்றேன், சொல்லும்மா என்று கெஞ்சினார். வாண்டு இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு ஓனரம்மாவிடம் சொன்னாள்.

"அழுதாலும் சித்திதான்."

ஓனரம்மா பெருமூச்சு விட்டார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் கூடத் தேவலை. பக்கத்தில் வந்து, முன்பு வைத்த மாதிரியே டீச்சரின் தோளில் கைவைத்தார்.

"உன் ஏக்கம் எனக்குப் புரியுதும்மா. நானும் அப்படி ஆசைப்பட்டவதான். ஆனா காகிதம் எத வேணா சொல்லும், பச்சைப்பிள்ளை பொய் சொல்லாது. அடுத்தவ பெத்த பிள்ளைய உன் பிள்ளைன்னு என்னால எழுதித் தர முடியாது. நீங்க ரெண்டு பேரும் தாராளமா இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. அதை அதோட அம்மாகிட்ட அனுப்பிடு. பெத்தவ அங்க தவிச்சுக்கிட்டு இருப்பா."

டீச்சர் சான்றிதழைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே பெரியவர் முனகினார். ஓனரம்மா அவரிடம் போக எழுந்து, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் லிஃப்ட்காரர் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கம்பெனியில் இரண்டு டிக்கெட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றார். தான் பழைய அறைக்கே போய்விடுவதாகவும், கீழ்க்கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். டீச்சருக்கு அதெல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சாவியை எடுத்துக் கதவில் நுழைக்கத் தெரியாமல் நின்றாள்.

வாண்டு அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறோம் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"நான் ஏமாறலையே, சித்தி?"

"இல்லடா கண்ணு" என்றாள் டீச்சர். "நீ ஏமாறல."

கதவைத் திறந்து உள்ளே போய், பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னச் சின்னத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.