தையல் பிரித்த மூட்டைகள்

“அத்தனை மூட்டையும் பிரிச்சிட்டியா கனகா? ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?”

“வெக்கலைங்க்கா. அடி மூட்டையைத் தொட்டேன், சதசதன்னு இருந்துச்சு. எங்க ஊரு ஹனூர்ல நனைஞ்ச மூட்டையை யாராச்சும் அப்படியே கட்டிப் போட்டு வெப்பாங்களா? நாலு நாள்ல பூஞ்சை பூத்துருமுங்க.”

ரஞ்ஜிதா கல்யாண மண்டபத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. மேடையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை தார்ப்பாய்களின் மேல் அரிசி பரப்பியிருந்தது. மின்விசிறிகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. மைசூரில் யாரும் பார்த்தறியாத வெண்பனி, இந்த ஒரு கூரைக்குக் கீழே மட்டும் ரகசியமாகப் பெய்து முடித்ததுபோல் இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

நஞ்சன்கூடு சாலையில் இருந்த ஆயத்த ஆடை ஆலை மூடியதும், வேலை இழந்தவர்களுக்காக உணவு வங்கிகளுக்கு அரசாங்கம் அவசர நிதி அறிவித்திருந்தது. இந்த மண்டபத்தில் ரஞ்ஜிதா நடத்தும் உணவு வங்கிக்கு முதல் தவணையாக நேற்று அரிசி வந்தது. பருப்பும் எண்ணெயும் இரண்டாம் தவணையில்தான். அது வர வேண்டுமானால் ஆய்வாளர் வந்து, தையல் பிரியாத மூட்டைகளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நல்ல அரிசியை யாரும் மாற்றிவிடவில்லை என்பதற்கு அந்தத் தையல்தான் சாட்சி. அனுமதி வரும்வரை, எப்படியும் ஒரு வாரம், மூட்டையைத் தொடக்கூடாது. இன்று மார்ச் மாதக் கடைசி நாள், நிதியாண்டும் முடிகிறது. மாலைக்குள் படம் போகாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். இந்தத் தவணையை நம்பித்தான் உணவு வங்கியே அடுத்த மாதம் திறந்திருக்கும்.

“என்னைக் கேட்டிருக்கலாமே.”

“போன் எடுத்தீங்களாக்கும்? எத்தனை வாட்டி கூப்பிட்டேன்!” கனகா வெடுக்கென்று சொல்லிவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தினாள். “தையல்தானேக்கா வேணும்? வெளிய பேர் குடுக்க வரிசையில நிக்கிறது பூரா அந்த ஆலை டெய்லருங்க. நானே அங்க காலர் தெச்சவ. மிஷினே வேண்டாம், கோணி ஊசியும் சணலும் குடுங்க. மத்தியானத்துக்குள்ள பழையபடி ஆக்கிப்போடறோம்.”

“ஈர அரிசியை உள்ள போட்டா?”

கனகா குனிந்து காலடியில் கிடந்த அரிசியைக் கையால் கிளறிவிட்டாள்.

வாசலில் ஜீப் நின்றது. உணவுத் துறை ஆய்வாளர் ரவிக்குமார் செல்பேசியைக் கையில் பிடித்தபடியே இறங்கினார். “நமஸ்காரா மேடம், பேக பேக, சீக்கிரம்! இன்னும் மூணு இடம் இருக்கு, மூட்டையெல்லாம் எங்க...” என்று வந்தவர், உள்ளே பார்த்ததும் நின்றார்.

“இது என்ன, அரிசியில கோலமா?”

“நனைஞ்சு வந்தது சார். உலர்த்தறோம்.”

“உங்களை யாரு இவ்வளவு சுறுசுறுப்பா இருக்கச் சொன்னது? தரையில கொட்டின அரிசியைப் படம் எடுத்தா மேல என்ன கேப்பாங்க தெரியுமா? மாத்திட்டாங்கம்பாங்க. உங்களுக்கு நிதி போகும், எனக்கு வேலை போகும்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். குரல் மெதுவானது. “இத்தனை தையல்காரங்க நிக்கிறாங்க. அள்ளிப் போட்டுத் தெச்சிடுங்க மேடம். நான் ஒரு காபி குடிச்சிட்டு வர்றேன். நான் எதையும் பாக்கலை.”

ரஞ்ஜிதா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்தாள். ஒட்டியது. ஒரு வாரம் மூட்டைக்குள் கிடந்தால் இது என்னவாகும் என்று மூக்குக்கே தெரிந்தது.

“ஏனுங் சார்,” என்றாள் கனகா. “நேத்து கிடங்குல லாரிகிட்ட நின்னது நீங்கதானுங்களே? நானும் லாரியில வந்தேன். டிரைவர் தார்ப்பாய் தேடிட்டு இருந்தாரு. மழை வருதுன்னாரு. மார்ச்சு முடியுது, கிளம்பு கிளம்புன்னு நீங்கதான் விரட்டுனீங்க.”

ரவிக்குமாரின் கழுத்து சிவந்தது. “ஏம்மா, உன் வேலை எதுவோ அதைப் பாரு.”

“எனக்கு வேலை எங்கீங்க இருக்கு?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, அடங்கினார்கள். ரவிக்குமார் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, தார்ப்பாயின் ஓரத்தில் அரிசியைத் தொட்டார். விரலில் ஒட்டிய மணிகளைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரஞ்ஜிதாவுக்கு அப்போதுதான் முழுவதும் புரிந்தது. தைத்துவிட்டால் எல்லோரும் தப்பிக்கலாம், வரிசையில் நிற்பவர்களின் வயிற்றைத் தவிர. உண்மையை எழுதினால் அரிசி தப்பும், நிதி கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் லாரியைத் தார்ப்பாயில்லாமல் அனுப்பியது யார் என்று நாளைக்கே கேட்பார்கள். கேள்வி ரவிக்குமாரிடம்தான் வந்து நிற்கும்.

கனகா எங்கிருந்தோ கோணி ஊசியை எடுத்து வந்திருந்தாள். அதில் சணலைக் கோத்துக்கொண்டு ரஞ்ஜிதாவின் முகத்தையே பார்த்தாள்.

“அதைக் கீழ வை கனகா.”

மின்விசிறிகள் சுழன்றன. ரவிக்குமாரின் செல்பேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

“சார்,” என்றாள் ரஞ்ஜிதா, “இந்தத் தரையை அப்படியே படம் எடுங்க. மழையில நனைஞ்சு வந்ததால பிரிச்சு உலர்த்தறாங்கன்னு கீழ எழுதுங்க. நீங்க எழுதினாத்தான் நம்புவாங்க. எழுதுவீங்களா, சார்?”