பை கிளம்பிய நேரம்

எட்டரைக்கு மெயின் ரோட்டிலிருந்து வேன் போய்விடும். சிலம்பரசி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரம்மா அந்த வேனில்தான் அவளை நர்சிங் படிக்கவைக்கக் கூட்டிப்போகிறாள். இன்றைக்கு விட்டால், வருகிற தையில் மாமனுக்குக் கழுத்தை நீட்டவேண்டியதுதான்.

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அதனால் ஆறு மணிக்கே அம்மா அவள் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டாள். நல்ல நேரத்தில் பை வாசல் தாண்டினால் ஆளே கிளம்பியதாகக் கணக்கு.

"அம்மா, மணி எட்டாவுது. அப்பா எப்பம்மா வருவாரு?"

"உப்பு வாரிட்டு வருவாரு. ஏண்டி பறக்குற? அதான் கெளம்பிட்டியே, இனிமே எப்பப் போனா என்ன?"

"பைதாம்மா கெளம்பிச்சு. நான் இங்கதான இருக்கேன்!"

"கெளம்பின பொண்ண விட்டுட்டு யாராச்சும் போவாங்களாடி?"

"அந்தம்மாவுக்கு எட்டரைன்னா எட்டரைதாம்மா."

"பாவம், அவங்க ஊர்ல ராகு காலமே இல்ல போல" என்று சிரித்தபடி அம்மா இன்னொரு இட்லி வைத்தாள்.

கதவு திறந்தேதான் கிடந்தது. ஆனால் மெயின் ரோடு வரை ஆளில்லாத உப்பளம். வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டார்கள்; அப்பா வந்து சைக்கிளில் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு அவள் வாசலில் வந்து நின்றாள்.

அப்பா வந்து சைக்கிளை நிறுத்தியபோது மணி எட்டே முக்கால்.

"என்னம்மா, கெளம்பிட்டியா?" என்றார், காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டே.

"ஆறு மணிக்கே கெளம்பிட்டேம்பா" என்றாள்.