பெயர் இல்லாத பட்டன்கள்

பாடப்பதிவு தொடங்கிய காலையில் எவுலாலியா கிஷ்பே பல்கலைக்கழக நூலகத்தின் ஒரு மூலையில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினாறு வயதில் பார்வை போன பிறகு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல்தான் அவளுக்குக் கணினி. பழைய இணையதளம் அவளுக்கு மனப்பாடம். எங்கே என்ன இருக்கிறதென்று விரலுக்கே தெரியும். விடுமுறையில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு என்று தோழி பிரிஹிதா சொல்லியிருந்தாள்.

அந்த அழகு எவுலாலியாவின் காதில் இப்படித்தான் விழுந்தது: "பட்டன். பட்டன். படம். பட்டன்."

எது எந்தப் பாடத்துக்கானது என்று குரலுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்தது என்று தளம் அவளை வெளியே தள்ளியது. மறுபடி நுழையப் போனால், போக்குவரத்து விளக்கு தெரியும் கட்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிரிஹிதா போனில் கூப்பிட்டாள். "அடியே, காலை வகுப்பு மளமளன்னு நிறையுது. பாஸ்வேர்டைச் சொல்லு, நான் போட்டு விட்டுர்றேன்."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் போன வருடம் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இப்படித்தான் நல்ல மனதோடு உதவினார். ஒரு வரி தள்ளித் தட்டிவிட்டார் போலிருக்கிறது. அரசியலமைப்பு வழக்கு நடைமுறைக்குப் பதிலாகக் கடல் சட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார். மலை நடுவே இருக்கும் குவென்கா நகரத்தில் கடல் சட்டம். வகுப்பில் பெயர் கூப்பிடாதபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் மாற்றும் தேதி போய்விட்டிருந்தது. கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஒரு வருடம் போனது அவளுக்கு மட்டும்தான். இப்போது பட்டத்துக்கு அந்த ஒரு பாடம்தான் பாக்கி. அதில் பதிவாகியிருந்தால்தான் ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

"வேணாம்டி. எத்தனை இடம் மிச்சம்னு மட்டும் பாத்துச் சொல்லிக்கிட்டே இரு" என்றாள். கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, கோலைத் தட்டியபடி படியிறங்கினாள்.

நிர்வாகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது கணினிப் பிரிவு. கதவைத் திறந்ததும் காபி மணமும் வெந்த சோள மணமும் வந்தன. எஃப்ராயின் தெனெசாக்கா என்ற இளம் பொறியாளர் மேசையிலேயே ஹுமிட்டா என்ற சோளக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோலைப் பார்த்ததும், மாணவர் நலப் பிரிவு எதிர்க் கட்டடம், யாரையாவது கூட அனுப்பட்டுமா என்று விசாரித்தார்.

"நான் நலமாத்தான் இருக்கேன், இன்ஜினியர். உங்க சைட்டுக்குத்தான் நலம் இல்லை" என்றாள் எவுலாலியா.

நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, கணினியை எடுத்துத் திறந்து, இயர்போனைக் கழற்றிவிட்டு, குரலை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பட்டன், பட்டன், படம், பட்டன் என்று அது அறை முழுக்க ஓதியது. எஃப்ராயின் மெல்லுவதை நிறுத்தினார். அந்தப் பக்கத்தை எழுதியவர் அவரேதான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பச்சை டிக் படம் வைத்திருந்தார்; கண்ணுக்குப் போதும் என்று நினைத்து எதற்கும் பெயர் வைக்கவில்லை.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பாஸ்வேர்டைச் சொல்லுங்க, ஒரு நிமிஷத்தில் நானே பதிவு செய்துவிடுகிறேன் என்றார். அவள் கடல் சட்டக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. இதைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை, ஆனால் பதிவு நடக்கும்போது எதையும் தொடக்கூடாதென்று உத்தரவு என்று தயங்கினார்.

உத்தரவு போட்டவர் அப்போது உள்ளே வந்தார். பிரிவின் தலைவர் லுக்ரேசியா கோர்தேரோ. நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"அடுத்த வாரம் எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுக்கிறேம்மா. இன்னைக்கு எஃப்ராயினே போட்டுக் குடுக்கட்டும்."

"அடுத்த வாரம் பதிவே இருக்காது, மேடம்."

லுக்ரேசியா பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் இதேபோல் ஒரு பதிவு நாளில் எதையோ திருத்தப் போய், தளம் பாதி நாள் படுத்துவிட்டது. மாணவர்கள் வாசலை மறித்து ஜன்னலில் கல்லெறிந்தார்கள். மறு மாதம் அவர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தார். அதைச் சொல்லும்போது லுக்ரேசியாவின் குரல் இறுகியது. "மேல பதினஞ்சாயிரம் பேர் பதிவு பண்ணிட்டிருக்காங்க. ஒருத்திக்காக நான் அத்தனை பேரையும் பணயம் வைக்க முடியுமா?"

"அந்தப் பதினஞ்சாயிரத்துல என்னையும் சேத்துத்தானே எண்ணுனீங்க?"

லுக்ரேசியா கோபத்தில் வெளியே போய்விடுவாரோ, காவலாளியைக் கூப்பிடுவாரோ என்று எவுலாலியா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மடியில் போன் அதிர்ந்தது. காலை வகுப்பில் விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான் மிச்சம் என்றாள் பிரிஹிதா.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "முதல்ல சோதனைப் பிரதியில பண்ணு. இந்தப் பொண்ணு சரின்னு சொன்னாத்தான் வெளிய போகணும்" என்றார் லுக்ரேசியா.

எஃப்ராயின் விசைப்பலகையைப் போட்டு அடித்தார். முதல் தடவை கேட்டபோது குரல், "சேர். சேர். சேர்" என்றது.

"எதுலன்னு சொல்லாம சேரு சேருன்னா? கட்சிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி இருக்கு."

எஃப்ராயின் முதல் முறையாகச் சிரித்தார். மறுபடி அடித்தார். இப்போது பாடத்தின் பெயரும் நேரமும் வந்தன. ஆனால் பட்டியலின் நடுவில் குரல் ஒரு விளம்பரப் படத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. அதை எடுத்தார். நேரம் முடியும் முன் இன்னும் வேண்டுமா என்று கேட்கும்படி மாற்றினார். விளக்குக் கட்டங்களைத் தூக்கிவிட்டு வேறு சோதனை வைத்தார். ஒவ்வொன்றையும் அவள் தட்டித் தட்டிக் கேட்டாள். இடையில் ஒருமுறை, சரியில்லை என்று சொல்லவே அவளுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தன்னுடைய இடமே நழுவிக்கொண்டிருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

கடைசியில் சரி என்றாள். லுக்ரேசியா பெருமூச்சு விட்டு, வெளிய விடு என்றார்.

எஃப்ராயின் ஒரு விசையைத் தட்டினார். எவுலாலியாவின் கணினி மௌனமானது. பக்கம் வரவில்லை. மேசைப் போன் ஒன்று அடித்தது, உடனே இன்னொன்று. லுக்ரேசியா எதையும் எடுக்கவில்லை. அவருடைய மோதிரம் மேசையில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. வந்துரும், வந்துரும் என்று எஃப்ராயின் தனக்குத்தானே முணுமுணுத்தார். தன்னால் எல்லாம் கெட்டதோ என்று எவுலாலியா விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள்.

பிறகு குரல் வந்தது: "பாடப்பதிவு. வரவேற்கிறோம்."

மோதிரம் நின்றது. எவுலாலியா உள்ளே நுழைந்து, ஒவ்வொரு வரியாக இறங்கினாள். "அரசியலமைப்பு வழக்கு நடைமுறை, காலை வகுப்பு. சேர்." தட்டினாள்.

"இந்த வகுப்பு நிறைந்துவிட்டது."

யாரோ மெல்ல உச்சுக்கொட்டினார்கள். எஃப்ராயின்தான். சட்டத் துறையிடம் பேசி ஒரு இடம் கேட்கிறேன் என்று லுக்ரேசியா போனை எடுத்தார். எவுலாலியா கையை நீட்டித் தடுத்தாள். அவள் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். "இரவு வகுப்பு. நகரத்துக்கு வெளியே உள்ள வளாகம். சேர்."

குளிரில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். வீட்டில் அம்மா சண்டை பிடிப்பாள். விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அழுத்தினாள்.

"பதிவு செய்யப்பட்டது" என்று பாடத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னது குரல். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் சொல்ல வைத்துக் கேட்டாள். கடல் எதுவும் இல்லை.

லுக்ரேசியா எதிரில் வந்து உட்கார்ந்தார். "என் உசுரே போயிருச்சு இன்னைக்கு."

"எனக்கும்தான்."

காலை வகுப்பு போனதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று லுக்ரேசியா சொல்லவில்லை. எஃப்ராயினை இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார். வேறு எந்தெந்தப் பக்கம் இப்படி என்று கேட்டார். மதிப்பெண் பக்கமும், உதவித்தொகைப் பக்கமும், அவசரத் தொலைபேசி எண்களைப் படமாகப் போட்டிருக்கும் பக்கமும் என்று எவுலாலியா சொல்லத் தொடங்கினாள். மேசைப் போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. லுக்ரேசியா எழுந்து ஒன்றை எடுத்தார். தளம் ஏன் நின்றது என்று யாரோ அந்தப் பக்கம் கத்தினார்கள்.

"வேலை நடந்துச்சு, அதான் நின்னுச்சு. என் உத்தரவுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு எவுலாலியாவிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. மதிப்பெண் பக்கத்துல என்ன?" என்றார்.