தரை தொடாத ஏரி

2022ஆம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே உள்ள வெள்ளாம்பாக்கம் பறவை ஏரி தரையைவிட்டு இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. தண்ணீர், மீன், நீர்க்கடம்பு மரங்கள், மரத்தின் மேல் நாரைக் கூடுகள் எல்லாம் மொத்தமாக மேலே. கீழே ஈரச்சேறும் நண்டு வளையும். முதலில் பார்த்தவள் ஜோதிலட்சுமி. பதினோரு வருஷமாக அங்கே தினக்கூலிக் காவலாளி. டிக்கெட் கிழிப்பதும் அவள்தான், சுற்றுலாக்காரர் போட்டுவிட்டுப் போகும் சிப்ஸ் பாக்கெட்டைப் பொறுக்குவதும் அவள்தான். கரையிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்தாள். ஏரிக்கு அடியில் அக்கரை வெளிச்சம் தெரிந்தது.

அந்த ஊரில் நாலு தலைமுறையாக யாரும் பட்டாசு வெடித்ததில்லை. பறவை தங்கும் ஆறு மாதமும் கல்யாணத்துக்கு மேளம் கிடையாது, சாவுக்குப் பறை கிடையாது. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு. அந்தத் தீபாவளிக்கு எங்கிருந்தோ காரில் வந்த நாலு பேர் கரையில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். சத்தத்தால் வந்த வினை, சத்தத்தை அடக்கினால் தீரும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. நியாயமான பேச்சுதானே, யார் மறுப்பார்கள்? அம்மன் கோயில் மணிக்குப் பழைய வேட்டியைச் சுற்றினார்கள். ஆட்டுக் கழுத்து மணியைக் கழற்றினார்கள். மிக்ஸி போய் அம்மி வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்கள். வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை கூடாது என்றும் ஒரு கட்டு. அதைச் சொன்னபோது கூட்டம் மொத்தமும் ஜோதிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தது. அவள் புருஷன் ராஜாராம், ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் சண்டை போடாத நாள் எது என்று கேட்டால் ஊரே யோசிக்க வேண்டும்.

இருவரும் வாயைக் கட்டினார்கள். ஏரி இறங்கவில்லை. ஜோதிலட்சுமி தினமும் ஒரு மூங்கில் குச்சியைக் கீழே நட்டு அளந்தாள்: கார்த்திகையில் ஒரு சாண், மார்கழியில் முழங்கால், தை பிறந்தபோது இடுப்பு. மதகுக்குத் தண்ணீர் எட்டவில்லை, நாற்றங்கால் மஞ்சளித்தது. கூடுகளில் குஞ்சு பொரித்திருந்தது. பொத்தேரியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து ஏரிக்கு அடியில் படுத்து செல்ஃபி எடுத்தார்கள். கல்பாக்கத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் கருவியோடு வந்து, அளந்து, கருவி பழுது என்று சொல்லிவிட்டுப் போனார். சித்திரையில் பறவைகள் கிளம்பும்போது ஏரியும் கூடவே போய்விடும் என்று ஊருக்குள் சைகையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. கூட்டம் வந்து சளசளவென்று பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏரி ஏறுவதில்லை. குச்சி அதைத்தான் காட்டியது. ஆனால் அதை நம்பி வாயைத் திறந்து, நினைத்தது தப்பாகி, ஏரி போயே போய்விட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

மாசி மாதம் ஒரு காலை, ஏரி நெஞ்சு உயரத்தில் இருந்தபோது, குச்சியைக் காணோம். தேடிப்போனால் ராஜாராம் அதை இரண்டாக ஒடித்து அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்தான். நாலு மாதம் அடக்கிய வாய், எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?

"யோவ், கண்ணு இன்னா பின்னாலயா கீது? ஊரே உசுரக் கையில புடிச்சிகினு கீது, உனக்கு அவரக்கா கேக்குதா?"

சொன்ன மாத்திரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். அது ஒரு சாண் இறங்கியிருந்தது. ராஜாராமும் பார்த்தான். மெதுவாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பெரிய குச்சி. உங்கப்பன் வூட்டு சீதனமாமே அது?" என்றான். இன்னொரு சாண். மத்தியானத்துக்குள் முழங்காலுக்கு வந்தது. ஊர் கோயில் மணியை அவிழ்த்தது, மிக்ஸிகளை எடுத்தது. பட்டாசுக்குத்தான் பறவைகள் பயந்து ஏரியோடு எழும்பின. அன்றாடச் சத்தம் நின்றதும், ஊரே காலியாகிவிட்டது, இனி காவலில்லை என்று நினைத்து இன்னும் மேலே தூக்கிவிட்டன போலிருக்கிறது. ஏரி பழையபடி இரண்டு விரற்கடைக்கு இறங்கி நின்றது, அதற்கப்புறம் அதற்கு மேல் ஏறவில்லை. மதகு வாயை அதற்கேற்றபடி ஏற்றிக் கட்டினார்கள். இருவரும் என்றாவது சமாதானமாக இருந்தால், பக்கத்து வீட்டு முனியம்மா வந்து ஏதாவது கொளுத்திப் போட்டுவிட்டுப் போவாள்.

போன தை மாதம் ராஜாராம் மதகுப் படியிலேயே மாரடைப்பில் செத்துப்போனான். பறவைக் காலம், பறை இல்லை, ஒப்பாரி இல்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பெண்கள் அழுதார்கள். பாடையைத் தூக்கும் முன்பே ஏரி இடுப்பைத் தாண்டிவிட்டது. கூடுகளில் தாய்ப்பறவைகள் இறக்கையை விரித்து நின்றன. எல்லாரும் ஜோதிலட்சுமியைப் பார்த்தார்கள். பிணத்தைக் கிடத்தி வைத்துக்கொண்டு, அவனைத் திட்டு என்று எப்படிக் கேட்பது? அவள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எழுந்தாள், கரையேறினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சொல்லாம கொள்ளாம போறியே, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? மாத்திரைய முழுங்குனு எத்தினி தபா சொன்னேன்? மதகுச் சாவி எங்க வச்சன்னு சொன்னியா? இனிமே நான் யார்கிட்டய்யா சண்ட போடுவேன்?"

ஏரி இறங்கியது. இரண்டு விரற்கடையில் நிற்காமல், மூன்று வருஷத்துக்கப்புறம் முதல்முறையாகத் தரையில் உட்கார்ந்தது. பாடையைத் தூக்கினார்கள்.

இப்போதும் தினம் காலை ஏழு மணிக்கு ஜோதிலட்சுமி கரையில் நின்று புருஷனைத் திட்டுகிறாள். டிக்கெட் கொடுப்பது அதற்கப்புறம்தான்.