இரண்டாவது மாத்திரை

"வாய மூடாதீங்கப்பா. நாக்க நீட்டுங்க."

கல்பனா கைகளை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, புது மாத்திரை அட்டையின் பின்தாளை ஓரத்திலிருந்து உரித்தாள். அழுத்தி எடுத்தால் பொடிந்துவிடும். வாந்தியை நிறுத்தும் மாத்திரை. முழுங்க வேண்டாம், நாக்கில் வைத்தாலே கரையும் என்று ராஜபாளையம் ஆஸ்பத்திரி நர்ஸ் காளீஸ்வரி சொல்லியிருந்தாள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. கூடினால் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும். கேட்காமல் இன்னொன்று வைக்கக் கூடாது.

வைத்தாள். பால்சாமி கண்ணை மூடினார். மறுநொடி தலையைத் திருப்பித் தரையில் துப்பினார்.

முப்பது வருடம் மில்லில் பஞ்சு உடைக்கும் இடத்தில் நின்றவர். வாயில் எது ஒட்டினாலும் பஞ்சுத் தூசி என்று துப்பிவிடும் நாக்கு. இரைப்பையில் கட்டி வந்த எட்டு மாதத்தில் உடம்பை விட்டு எல்லாம் போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

கல்பனா குனிந்து பார்த்தாள். வெள்ளையாக நுரை. மாத்திரையா, எச்சிலா?

"இன்னொண்ணு வைடி," என்றாள் அம்மா சண்முகத்தாய்.

"பாதி உள்ள போயிருந்தா? கேட்டுட்டுத்தாம்மா வைக்கணும்."

"நீ கேட்டு முடிக்கங்குள்ள கொடலே வெளிய வந்துரும். பெரிய டாக்டரு இவ."

பால்சாமி ஓங்கரித்தார். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கல்பனாவின் போனில் பேச்சுக் கேட்கும். மூன்றாம் தடவை அடித்தபோதுதான் காளீஸ்வரி எடுத்தாள்.

"எம்புட்டுத் துப்புனாரு?"

"தெரியலக்கா."

"அப்ப வேற வைக்காத. ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு இங்க கூட்டிட்டு வந்துரு. பாத்து ஊசியாப் போடலாம்."

அவர்கள் ஊர் சுந்தரபாண்டியத்தில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டியும் இல்லை. ஆட்டோக்கார முத்துவீரன் ஸ்ரீவில்லிபுத்தூர் சவாரியில் இருந்தான். "செத்த நேரத்துல வாரேன்," என்றான். கல்பனா தெரு முக்கு வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் ஓங்கரிக்கும் சத்தம் இல்லை.

"பாரு, எப்பிடி உறங்குதாவன்னு," என்றாள் சண்முகத்தாய். முகத்தில் ஜெயித்த களை.

அட்டையில் இரண்டு குழி உரிந்திருந்தது.  கல்பனா அப்பாவின் நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துவீரன் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினான். கழுத்து சாய்ந்துவிட்டது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தவன் மெல்லத் திரும்பப் படுக்க வைத்தான்.

பக்கத்து வீட்டு ஏசம்மாள் பழைய வேட்டியைக் கிழித்து எடுத்து வந்தாள். "நாடிக்கட்டு கட்டணும் சம்முகத்தாயி. வெறச்சிட்டா வாய் மூடாது. வா."

சண்முகத்தாய் நிலைப்படியை விட்டு நகரவில்லை. அழவும் இல்லை. "நீங்க கட்டுங்க. எனக்குக் கை வரல."

போன் அடித்தது.

"கெளம்பிட்டியளா?"

"அப்பா போயிட்டாருக்கா."

 காளீஸ்வரி கேட்டாள்: "வேற மாத்திரை ஏதும் வச்சியளா?"

வீட்டுக்குள் எல்லோருக்கும் கேட்டது. சண்முகத்தாய் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"இல்லக்கா," என்றாள் கல்பனா. "வைக்கல."

"சரிம்மா. வயித்துக்குள்ள அம்புட்டும் முத்திப்போயிருந்துச்சு."

கல்பனா போனை வைத்தாள். சண்முகத்தாய் எழுந்து வந்து, ஏசம்மாள் கையிலிருந்த துணியை வாங்கினாள். தாடைக்கு அடியில் கொடுத்து உச்சிக்குக் கொண்டுவந்தாள். முடிச்சு நழுவியது. இன்னொரு தடவையும் நழுவியது.

கல்பனா எதிரே உட்கார்ந்து முதல் முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மா இழுத்துக் கட்டினாள்.