கோட்டுக்குத் தலை எந்தப் பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுல மறைக்க ஒண்ணுமில்ல. எங்க கேக் கடையில அடுப்பு பாக்குறவர் பதினோரு வருஷமா என்கிட்ட திட்டு வாங்குறார். ஒரு நாள் நான் பேசாம இருந்தா, உடம்பு சரியில்லையான்னு விசாரிப்பார். பேக்கிங் பாக்குற அம்மா காதுல பஞ்சு வச்சுக்கிட்டுதான் வேலைக்கு வர்றதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறாங்க. சொல்லட்டும். இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு ஆளை மட்டும் ஆறு வாரமா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. கடைசியில அந்த ஆள்தான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நின்னான்.

அது என் தம்பி. முப்பது வருஷம் கடைகடையா போய் போர்டு எழுதினவன். ஸ்கேல் வைக்க மாட்டான். பிரஷ்ஷை இந்தக் கோடியில வச்சா அந்தக் கோடியிலதான் எடுப்பான், கோடு நூல் பிடிச்ச மாதிரி நிக்கும். போன வருஷக் கடைசியில பக்கவாதம் வந்துச்சு. பேச்சு திரும்புச்சு, நடை திரும்புச்சு, வலது கை மட்டும் திரும்பல. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம்னு இருந்தவன், பாத்துக்க ஆளில்ல. நான் போய்க் கூப்பிட்டேன். ரெண்டு நாள் அடம் பிடிச்சுட்டு, வேலை குடுத்தா வர்றேன்னான். சும்மா உக்காந்து சாப்பிடச் சொன்னா முதியோர் இல்லத்துக்குப் போயிடுவேன், அங்க ஒரு இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்னும் சொன்னான்.

அம்மா அப்பா போனப்புறம் எனக்குன்னு கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான். அவன் ஏதோ ஒரு இல்லத்துல கட்டில் நம்பரா கிடக்கிறதை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியல. எப்படியாவது அவனை என் வீட்டுல வச்சுக்கணும், எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அதனால தூவல் போடுற வேலையைக் குடுத்தேன். கேக்கு மேலயும் ஐஸ்கிரீம் மேலயும் தூவுறமே, கலர் கலரா சின்னச் சின்னச் சர்க்கரைக் குச்சி, அது. வர்றவங்க ஸ்பிரிங்கிள்ஸ்ங்கிறாங்க, எங்களுக்கு அது தூவல். பாக்கெட்ல விக்கிறது மெழுகு தின்ன மாதிரி இருக்கும், கிரீம் மேல பட்டதும் சாயம் வேற போகும். அதனால நாங்களே செய்யுறோம். சலிச்ச ஐசிங் சுகர், முட்டை வெள்ளைக்கரு, ரெண்டு சொட்டு வெனிலா. இழுத்தா இழுபடணும், வச்சா ஓடக்கூடாது, அந்தப் பதம். கிண்ணம் கிண்ணமா பிரிச்சு கலர் கலந்து, நுனி சின்னதா இருக்கிற பையில நிரப்பி, தட்டுல பட்டர் பேப்பர் விரிச்சு, கோடு கோடா இழுக்கணும். ஒரு முழு நாள் காயணும். அப்புறம் உடைச்சா தூவல். கோடு போடுறதுதானே, போர்டு எழுதுறவனுக்குப் பொருத்தமான வேலைன்னு எனக்கே என் மேல பெருமை.

முதல் நாள் அவன் இடது கையால ஒரு தட்டு போட்டான். அய்யோ, அதை என்னன்னு சொல்ல. ஒரு கோடு புழு மாதிரி நெளியுது, இன்னொண்ணு நடுவுல பூரான் மாதிரி குண்டா வீங்கிக் கிடக்கு. வேற யாராவது போட்டிருந்தா தட்டோட வெளிய எறிஞ்சிருப்பேன். அவன் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். நல்லா இருக்குடா, பரவாயில்லையேன்னு சொல்லிட்டேன்.

மத்தியானம் அவன் சாப்பிடுற மாத்திரைக்குத் தூக்கம் வரும். கடைக்குப் பின்னாடி இருக்கிற எங்க வீட்டுல ரெண்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான். அந்த நேரத்துல அவன் போட்ட தட்டைத் தொட்டியில வச்சு வெந்நீர் ஊத்தினேன். சர்க்கரைதானே, அஞ்சு நிமிஷத்துல சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கரைஞ்சு ஓடிடுச்சு. புதுப் பேப்பர் விரிச்சு அதே கலர்ல நானே கோடு போட்டு ரேக்ல வச்சேன். மறுநாள் காஞ்சதை அவன்தான் உடைச்சு டப்பாவுல நிரப்பினான். பாத்தியா, எவ்வளவு அழகா வந்திருக்குன்னு நான் வேற வாய் கூசாம சொன்னேன். அடுத்த நாளும் அதே கதை. அப்படியே ஆறு வாரம் ஓடுச்சு. அடுப்பு பாக்குறவருக்குத் தெரியும். ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். உங்க வேலையைப் பாருங்கன்னு அடக்கிட்டேன்.

அன்னைக்கு நான் வெந்நீரை ஊத்த ஆரம்பிச்சு, தட்டு பாதி கரைஞ்சிருக்கும். பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். தம்பி. வெளிய போற சட்டை போட்டிருந்தான், காலடியில பெட்டி இருந்துச்சு. அன்னைக்கு மாத்திரையே போடலையாம்.

மூணாவது நாளே தெரியும்னான். கத்தவெல்லாம் இல்ல, கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினான். பை முதல்ல பேப்பரைத் தொடுற இடத்துல ஒரு சின்ன உருண்டை விழும், அதுதான் கோட்டுக்குத் தலை. முடியுற இடத்துல மெலிஞ்சு வாலா நிக்கும். அவன் இடது கைக்காரனா ஆனதுலருந்து வலது பக்கம் ஆரம்பிச்சு இடது பக்கம் இழுக்கிறான். தட்டுக்குப் பிடி ஒரு பக்கம்தான் இருக்கு, ரெண்டு பேருமே அதை நம்ம பக்கம் வச்சுத்தான் போடுறோம். காலையில தலை வலது பக்கம் இருந்த கோட்டுக்கு மறுநாள் இடது பக்கம் தலை முளைச்சிருந்தா, முப்பது வருஷம் கோடு போட்டவனுக்குத் தெரியாதா? எனக்குத்தான் அது தோணவே இல்ல.

தெரிஞ்சுமாடா நீ இத்தனை நாள் சொல்லாம இருந்தேன்னு கேட்டேன்.

"நீ திட்டுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்க்கா."

எனக்கு ஒண்ணும் புரியல. அவனே சொன்னான்.

"அன்னைக்கு ஒரே ஒரு கேக் கருகினதுக்கு அடுப்பு பாக்குறவரை அரை மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கின. நான் தினம் ஒரு தட்டு பாழாக்குறேன், என்கிட்ட மட்டும் நல்லா இருக்குடாங்கிற. செத்தவனைத்தான்க்கா யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

இல்லத்துல இடம் கிடைச்சாச்சாம், அன்னைக்கே வரச் சொல்லியிருக்காங்களாம். வண்டிக்குச் சொல்லிட்டு வந்திருந்தான்.

எனக்கு அழுகை வந்துச்சு. அழுதா அவன் இன்னும் வேகமா போவான்னு தெரியும். வேற வழியில்லாம தொட்டியில இருந்த தட்டைப் பாத்தேன். பாதி கரையாம இருந்துச்சு. ஆறு வாரத்துல அன்னைக்குத்தான் அவன் போட்ட கோட்டை வேலை தெரிஞ்சவளா பாத்தேன். அதுவரைக்கும் அக்காவா பாத்து, மனசு பொறுக்காம கரைச்சிருக்கேன். நெளிசல் ஒரு குத்தமே இல்லன்னு அப்பத்தான் உறைச்சுது. அரை விரல் அகலத்துக்கு உடைச்சா நெளிசல் எங்க தெரியப் போகுது? வீக்கம்தான் குத்தம். குண்டா இருக்கிற இடம் உள்ள காயாது, பல்லுல ஒட்டும். அது ஏன் வீங்குதுன்னு பாத்தா, பையை நடுவயித்துல பிடிச்சு அமுக்குறான். புதுசா வர்ற யாரும் பண்ற தப்பு அது. ரெண்டு நாள் திட்டினா சரியாயிடும்.

"பையை நடுவுல பிடிச்சா எப்படிடா ஒரே சீரா வரும்?" என் குரல் எனக்கே தெரியாம ஏறிடுச்சு. "மேல முறுக்கி, முறுக்கை உள்ளங்கையில வச்சு, அங்கருந்து அமுக்கணும். இதைக்கூடவா ஒருத்தர் சொல்லித் தரணும்?"

"நீ சொல்லவே இல்லியே."

ஆமா, சொல்லல. நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லியே அவனை ஒண்ணும் தெரியாதவனா வச்சிருந்தது நான்தான். அந்தக் கோவத்தையும் சேத்து அவன் மேலயே கொட்டினேன். பதம் தளர்ந்தா கேக்கத் தெரியாதா, கண்ணு எங்க போச்சு, என் முட்டை என்ன மரத்துலயா காய்க்குது, இதுல ரோஷம் வந்து பெட்டி வேற தூக்குறியா. வாசல் மணி அடிச்சும் நான் நிறுத்தல. வண்டிக்காரரை பேக்கிங் பாக்குற அம்மா பேசி அனுப்பிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஒரு பையில மஞ்சள் கலவையை நிரப்பி, மேல முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, அவன் இடது உள்ளங்கையில வச்சேன். அவன் நின்ன வாக்கிலயே ஒரு கோடு இழுத்தான். நடுவுல மறுபடி வீங்கிடுச்சு.

"இது சரியில்ல," அப்படின்னேன். "கரைச்சுட்டு வேற போடு."

அவன் ஸ்டூலைக் காலாலயே இழுத்துப் போட்டு உக்காந்தான்.

இருட்டுறதுக்கு முன்னாடி இல்லத்துலருந்து ஃபோன் வந்துச்சு. தம்பிதான் எடுத்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, கையில பையோட பேசினான். இல்லங்க, வர முடியாதுங்க, மூணு தட்டு போட்டும் அக்காவுக்குப் பிடிக்கல, இன்னும் வேலை முடியலன்னான்.