சாக வேண்டிய வரிசை

ராமசுப்புவை ஜானட் மனிதரில் சேர்த்தி என்று நினைத்ததே இல்லை. என்ன செய்வது, ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்தான் இயக்குநர். நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாசல் பலகையில் தன் பெயரில் ஒரு புள்ளி தேய்ந்திருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, வலை வேலிக்குள் இருபது வரிசை நெல். பத்து வரிசை சாதா நெல். மற்ற பத்தும் ஜானட்டின் ஆறு வருஷ உழைப்பு, உப்பில் வளரும் அலையாத்தி மரத்தின் மரபணுவைச் சேர்த்த நெல். இரண்டுக்கும் பாய்ச்சுவது ஒரே கழிமுகத்து உப்புத் தண்ணீர்தான். சாதா நெல் கருகிச் சாக வேண்டும், பக்கத்திலேயே அவளுடையது பிழைத்து நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து அரசுக் குழு கையெழுத்துப் போட்டால்தான் பெரிய வயலில் விதைக்க அனுமதி.

டெங்குவில் பத்து நாள் படுத்துவிட்டு, குழு வருகிற அன்று காலையில்தான் ஜானட் கல்மண்டபத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வேலிக்குள் எட்டிப் பார்த்தாள். இருபது வரிசையும் பச்சைப் பசேலென்று நின்றன.

"இன்னா கெங்கம்மா இது?"

தண்ணீர் பாய்ச்சும் கெங்கம்மா மண்வெட்டியைக் கீழே போட்டாள். "என்னை ஏன் கேக்குற மேடம்? நீ படுத்த மறுநாளே பெரியவரு வந்தாரு. இந்தப் பக்கம் இலையெல்லாம் மஞ்சளா கீது, வர்றவங்க பாத்தா அசிங்கம்னாரு. மோட்டாரை நிறுத்திட்டு தெனம் ஒரு லாரி நல்ல தண்ணி. எங்க தெருவுக்கு வர்ற லாரி மேடம் அது! நாங்க கொடத்தை வெச்சுகினு நிக்கறோம், இவரு நெல்லுக்கு ஊத்திகினு கீறாரு."

"இது சாகணும்னு நீ சொல்லலியா?"

"சொன்னேனே. வாயைக் கழுவுன்னாரு."

நல்ல தண்ணீரில் எந்த நெல்தான் வளராது? இதற்கு எதற்கு மரபணு, எதற்கு ஆறு வருஷம்? படித்த முட்டாளைக்கூடத் திருத்திவிடலாம், பதவியில் உட்கார்ந்த முட்டாளை ஆண்டவராலும் திருத்த முடியாது என்று ஜானட் பல்லைக் கடித்தாள்.

பதினொரு மணிக்குக் குழுத் தலைவி அன்புக்கரசி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். ராமசுப்பு பேன்ட்டில் சேறு படாமல் வரப்பிலேயே நின்றுகொண்டார்.

"இதுல சாதா நெல் எது?"

ஜானட் கை காட்டினாள்.

"அதுவும் நல்லாத்தானே இருக்கு?"

"ஒண்ணுகூட சாகலை மேடம்!" என்றார் ராமசுப்பு. பிள்ளை பெற்றவர்போல அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "அத்தனையும் காப்பாத்திட்டோம்."

அன்புக்கரசி அவரைப் பார்க்கவில்லை, ஜானட்டைத்தான் பார்த்தார். பொய் சொல்ல ஜானட்டுக்கு வாய் வரவில்லை. "பத்து நாளா லாரித் தண்ணி ஊத்தியிருக்காங்க மேடம். நான் லீவுல இருந்தேன்."

"அப்போ இதுல நான் பாக்க ஒண்ணுமில்லைம்மா. அடுத்த வருஷம் மறுபடி போடுங்க, வர்றேன்." கோப்பை மூடிவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் வண்டியில் ஏறினார்.

ஜானட் அழவில்லை. நேராகப் போய்க் கழிமுகத்து மோட்டாரைப் போட்டாள். மூன்று வாரத்தில் சாதா நெல் பத்து வரிசையும் கருகிச் சாய்ந்தன. அவளுடைய பத்தும் கதிர் தள்ளி நின்றன, ஒன்றுகூடத் தலை சாயவில்லை. பார்க்க அவளையும் கெங்கம்மாவையும் தவிர ஒருவரும் இல்லை.

ஒரு நாள் மாலை ராமசுப்பு அந்தப் பக்கம் வந்தார். பூத்து நின்ற வரிசைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கருகிக் கிடந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா ஜானட்? நான் கவனிச்ச வரைக்கும் உயிரோட இருந்துச்சு."